அய்யனார் கோயில் பாதையில் ஏர்பேக்: செட்டிநாட்டு மண்ணில் புதிதாக ஜீப் இறக்குபவர்களுக்கு

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்கு வருகிறவர்களில் பலர் இப்போது தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஜீப் வகை வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். காரைக்குடி வரை, கானாடுகாத்தான் வரை தார்ச்சாலை. ஒரு தொந்தரவும் இல்லை. கோயிலுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் எல்லாம் மாறும். கண்மாய்க் கரை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவர குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் வரத்துக்கால், படிபோல் துருத்தி நிற்கும் செம்புறாங்கல், இருபுறமும் சீமைக்கருவேலம். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, இந்தக் குலுக்கலில் ஏர்பேக் வெடித்துவிடாதா? ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு திருவிழாவிலும் பார்க்கிறேன்.

பிடுங்காதீர்கள். பாதையில் ஏர்பேக் விரியும் என்ற பயத்தில் பொய் இல்லை. அதற்கு மருந்து ஃபியூஸில் இல்லை. உங்கள் வேகத்திலும் நீங்கள் உட்காரும் விதத்திலும் இருக்கிறது. அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டு ஓட்டத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் புது வண்டியில் கோயிலுக்கு வந்தான். மழை ஓய்ந்து புல் முளைத்திருந்த நேரம். வண்டிப்பாதை மட்டமாகத் தெரிந்ததால் ஐம்பதில் வந்தான். குறுக்கே இருந்த வரத்துக்காலைப் புல் மூடியிருந்தது. முன்சக்கரங்கள் உள்ளே இறங்கின. எதிர்க்கரையின் விளிம்பில் சேசிஸின் முன்பக்கம் முட்டி வண்டி அப்படியே நின்றது. இரண்டு ஏர்பேக்கும் விரிந்தன. பெல்ட் போட்டிருந்ததால் அவனுக்கு மூக்கில் சிராய்ப்பும் முன்கையில் சூடுபட்ட தடமும் மட்டும்தான். பக்கத்தில் இருந்த சித்தப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். டேஷ்போர்டில் ஏர்பேக் மூடியின் மேலேயே ஒட்டி வைத்திருந்த பித்தளைப் பிள்ளையார் வந்து அடித்ததால் வந்த காயம் அது.

தேவையில்லாமல் வெடித்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் ஏர்பேக்கைத்தான் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐம்பதில் வந்த வண்டி ஒரு முழத்துக்குள் நின்றால், சுவரில் மோதுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏர்பேக் தன் வேலையைச் செய்தது. வண்டிக்குள் மற்ற எதுவும் அதற்குத் தயாராக இல்லை.

எதைப் பார்த்து விரிகிறது

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலும் கியர் லீவருக்கு அருகே, தரைத்தகட்டோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாக ஒன்றிரண்டு சென்சார்கள் இருக்கும். முன் ஏர்பேக்குகளைப் பொறுத்தவரை, வண்டி மேலும் கீழும் குதிப்பதை வைத்து அது முடிவெடுப்பதில்லை. முன்னோக்கிய ஓட்டம் எவ்வளவு சடாரென்று, எவ்வளவு நேரத்துக்குத் தடைபடுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஒரு குழியில் 'டங்' என்று விழுந்து எழுவது கூர்மையான அடி, ஆனால் சட்டென்று முடிந்துவிடும். வண்டியின் வேகம் அதில் அதிகம் குறையாது. அதைக் கழித்துவிடும்படிதான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் சரளைப் பாதையில் மணிக்கணக்கில் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

நிலையான சுவரில் நேராக மோதுவதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இணையான மோதலில் முன் ஏர்பேக் விரியத் தொடங்கும். வண்டிக்கு வண்டி, பெல்ட் போட்டிருக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து இது மாறும். முடிவெடுத்ததும் நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு போல நேரத்துக்குள் பை முழுதாக விரிந்துவிடுகிறது. நாம் ஒருமுறை கண்ணிமைக்கவே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆகும். ஆக, விரிவதைப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கலாம், தலையைத் திருப்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்தில் உங்கள் கை எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கும்.

இனி நம் மண்ணைப் பாருங்கள். முன்னோக்கிய ஓட்டத்தைச் சடாரென்று நிறுத்தக்கூடியவை இங்கே என்னென்ன? வரத்துக்காலின் எதிர்க்கரை. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பனங்கட்டை. மரத்தை வெட்டி எடுத்தபின் முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், இரும்பு போல் நிற்கும். சர்வே கல், எல்லைக்கல். தரைப்பாலத்தின் ஓரக்கல். மழை அரித்து எடுத்ததால் படியாகத் தெரியும் செம்புறாங்கல் விளிம்பு. தை மாதம் மஞ்சுவிரட்டுப் பார்க்கச் சிராவயல் பக்கம் போய் வயலுக்குள் வண்டியை விடுகிறவர்களுக்கு, காய்ந்து இறுகிய வரப்பு. இவை சேசிஸிலோ அச்சிலோ நேராக முட்டினால், பம்பரில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஏர்பேக் விரியலாம். ஆழமான குழிக்குள் விழுவது, மேட்டிலிருந்து தாவி விழுவது, வண்டியின் அடிப்பாகம் பலமாக அடிபடுவது ஆகியவற்றில் ஏர்பேக் விரியக்கூடும் என்று பல நிறுவனங்கள் வண்டியோடு தரும் கையேட்டிலேயே எச்சரித்திருக்கின்றன. அந்தப் பக்கத்தை ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் வீட்டு வாசலில்

உங்கள் வண்டியில் எத்தனை ஏர்பேக், எங்கெங்கே என்று தெரிந்துகொள்வதுதான் முதல் படி. இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். முன்பக்கப் பயணிக்கானது புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவுத் தாரில் முன்னால் இரண்டு. 2023 ஜூனில் வந்த ஜிம்னியிலும் 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸிலும் ஆறு. முன்னால் இரண்டு, முன் இருக்கைகளின் பக்கவாட்டில் இரண்டு, கதவுக்கு மேலே திரைபோல் இறங்கும் ஏர்பேக் இரண்டு. ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேஜர், கமாண்டர் ஜீப்களில் ஒன்றுமே கிடையாது. அவற்றில் போகிறவர்களுக்கு பெல்ட்டும் பொறுமையும்தான் துணை.

அடுத்து சாவியைத் திருகிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பெல்ட் போட்ட ஆளும் அவர் முன்னால் ஒரு பந்தும் போன்ற சிறு விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், ஓடும்போது விட்டுவிட்டு எரிந்தாலும், சாவி போட்டபோது எரியவே இல்லையென்றாலும் எங்கோ கோளாறு இருக்கிறது. அந்த நிலையில் மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம். மூன்றாவதுதான் மோசம். விளக்கையோ அதன் வயரையோ யாரோ கைவைத்திருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போதும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டி, அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து விளக்கை ஏமாற்றி விற்கிற பழக்கம் சந்தையில் இருக்கிறது. வாங்கும் முன், வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் டேஷ்போர்டு. எங்கள் சித்தப்பாவின் நெற்றித் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பயணி பக்கத்து ஏர்பேக் டேஷ்போர்டின் மேல்பகுதியில் ஒரு மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. பை வெளியேறும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும். அந்த மூடியின் மேல் எது இருந்தாலும் அதே வேகத்தில் முகத்தை நோக்கி வரும். பிள்ளையார்பட்டியில் வாங்கிய சிலையானாலும், போன் ஸ்டாண்டானாலும், வாசனைத் திரவியக் குப்பியானாலும் ஒன்றுதான். சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடி இல்லாத நடுப்பகுதியில், தாளில் அச்சிட்ட சின்னப் படமாக ஒட்டிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு முழுக்கத் தோல் உறை தைத்துப் போடுவதும் கூடாது. மூடி பிளக்க வேண்டிய கோட்டை அது மறித்துவிடும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிகளுக்கு அந்த இடத்தில் திறப்பு வைத்துத் தைத்த சீட் கவர்தான் போட வேண்டும்.

கோயிலுக்குப் போகும் வண்டியில் சாமான் நிறைய இருக்கும். வெண்கலப் பானை, தேங்காய் மூட்டை, அரிவாள், விறகு. எல்லாவற்றையும் பின்னால் தரையில் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். முன் இருக்கையில் உட்காருபவர் மடியில் தூக்குச்சட்டிகூட இருக்கக் கூடாது. ஏர்பேக்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உலோகம் வருவது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை.

முன்பக்கம் இரும்பு புல் பார் பொருத்திய வண்டியாக இருந்தால், இந்தப் பயணத்துக்கு முன்பே கழற்றிவிடுங்கள். மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போய்ச்சேரும் விதத்தையே அது மாற்றிவிடும். விரிய வேண்டிய நேரத்தில் தாமதமாகலாம், வேண்டாத நேரத்தில் விரியலாம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியபோது, இப்படிப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தெளிவாகச் சொன்னது. அழகுக்காக ஸ்டீயரிங்கை மாற்றுவதும் அப்படியே. மாற்றிய ஸ்டீயரிங்கோடு ஏர்பேக்கும் போய்விடுகிறது.

ஃபியூஸ் விஷயம்

ஃபியூஸைப் பிடுங்கினால் பல வண்டிகளில் முன் ஏர்பேக்கு மட்டுமல்ல, பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் பிரிடென்ஷனரும் சேர்ந்தே செத்துப்போகும். பிடுங்கியவர் அதைத் திரும்பப் போட மறந்து, அன்று சாயங்காலமே திருச்சி சாலையில் நூறில் போவார். பயணத்தில் ஏர்பேக் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் பதில் இருக்காது.

ஆஃப்ரோடு ஓட்டத்துக்கென்று நிறுவனமே ஏர்பேக்கை நிறுத்திவைக்க வழி தந்ததே இல்லையா என்றால், உண்டு; ஆனால் அது வேறு ஏர்பேக். டொயோட்டா சில நாடுகளில் விற்ற ஃபோர்ரன்னர், எஃப்ஜே குரூசர் போன்ற வண்டிகளில், வண்டி உருளுவதை உணர்ந்து இறங்கும் திரை ஏர்பேக்கைச் செங்குத்தான பக்கச் சரிவுகளில் தற்காலிகமாக நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. அப்போதும் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் அந்தத் திரை இறங்கும். முன் ஏர்பேக்குகளை அந்தப் பட்டன் தொடவே தொடாது. உங்கள் வண்டியில் அப்படி ஒரு பட்டன் இருந்தால் கையேடு சொல்கிறபடி பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்களாக ஒன்றை உருவாக்க வேண்டாம்.

உட்காரும் விதம்

ஓட்டுநரின் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். வளர்ந்தவர் கையால் ஒரு சாணும் இரண்டு விரற்கடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்பாதையில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, முன்னால் பள்ளம் தெரியவில்லை என்று இருக்கையை முன்னுக்குத் தள்ளி, பானெட்டை எட்டிப் பார்த்தபடி ஸ்டீயரிங் மேல் சாய்ந்து ஓட்டுவது. விரியும் பையில் மிக அதிகமாக அடி விழுவது இப்படி நெருங்கி இருப்பவருக்குத்தான். பாதை தெரியவில்லையென்றால் ஒருவரை இறக்கி முன்னால் நடக்க விடுங்கள். உயரம் குறைந்தவர்கள் இருக்கையின் உயரத்தைக் கூட்டி, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கிப் பார்க்கலாம். பையின் வீச்சு முகத்துக்கு வராமல் நெஞ்சுக்கு வர வேண்டும்.

கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். கட்டைவிரல் ஸ்டீயரிங் வளையத்துக்குள் சுற்றிப் பிடிக்காமல் வெளியே விளிம்பின் மேல் கிடக்கட்டும். இதற்கு இரண்டு காரணங்கள். சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டீயரிங் சுழன்று வந்து கட்டைவிரலை மடக்கிவிடும். அதே நேரத்தில் பை விரிந்தால், உள்ளே இருக்கும் விரலும் மணிக்கட்டும் தப்பாது. பன்னிரண்டில் ஒரு கை வைத்து ஓட்டுபவர்களுக்கு அந்தக் கையே முகத்தில் வந்து அறையும். திருப்பங்களில் கைமேல் கை போட்டுச் சுழற்றாமல், ஒரு கை இழுக்க மறு கை தள்ளுவதாகப் பழகிக்கொள்ளுங்கள். முதல் நாள் தடுமாறும், பிறகு வந்துவிடும்.

பெல்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "பத்தில்தானே போகிறோம், மண்பாதையில் பெல்ட் எதற்கு?" என்று கழற்றிவிடுகிறவர்கள் அதிகம். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை. பெல்ட்டுக்குப் பதில் இல்லை. பெல்ட் இல்லாதவர் மோதலின் முதல் கணத்திலேயே முன்னால் சரிந்து, பை விரியும்போது அதன் வாசலில் முகத்தை வைத்திருப்பார். இன்னொன்று, வண்டி சரிவில் சாய்ந்து நிற்கும்போது பெல்ட்டை இழுத்தால் வராது. சாய்ந்தால் பூட்டிக்கொள்ளும்படிதான் அதன் சுருள் செய்யப்பட்டிருக்கிறது. கரை மேல் ஏறி நின்றபின், "ஆச்சி, பெல்ட் போடுங்க" என்றால் அவர்கள் இழுத்து இழுத்துக் களைத்து விட்டுவிடுவார்கள். மட்டமான இடத்திலேயே எல்லோருக்கும் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

முன்னால் உட்காரும் பெரியவர்கள் பயத்தில் டேஷ்போர்டின் மேல் கையை ஊன்றிக்கொள்வார்கள். அந்தக் கை ஏர்பேக் மூடியின் மேல்தான் இருக்கும். கதவுப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் தலையைத் தூணில் சாய்த்துத் தூங்கக் கூடாது, மேல் கைப்பிடியில் ஹேங்கரில் வேட்டி சட்டை மாட்டவும் கூடாது. காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைக்கிற பையன்களை அப்போதே கண்டியுங்கள். பை விரிந்தால் முழங்கால் முகத்தில் இடிக்கும், இடுப்பெலும்பு முறியும்.

குழந்தைகள் பற்றி: பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் பின் இருக்கையில், பெல்ட்டோடு. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய சீட் வைத்திருப்பவர்கள் அதை ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. விரியும் பை அந்த சீட்டின் முதுகில்தான் நேராக அடிக்கும், அங்கேதான் குழந்தையின் தலை இருக்கிறது. நம் வீடுகளில் இதைவிடப் பெரிய சிக்கல், பேரனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரும் அப்பத்தா. அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. "அப்பத்தா, நீங்களும் அவனும் பின்னால் உட்காருங்க, அங்கேதான் காத்து நல்லா வரும்" என்று சொல்லி, இருவருக்கும் தனித்தனிப் பெல்ட் மாட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதையில்

தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாகப் பலமாக இழுக்கும் கியரில் போடுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அடிகள் மென்மையாகும். ஆனால் கருவேல முள் நிறைந்த பாதையில் அதிகம் குறைக்க வேண்டாம். தரை கண்ணுக்குத் தெரியாத இடங்களில், அதாவது புல், தண்ணீர், வண்டித்தடம் மறைந்த வயல் ஆகியவற்றில் பத்துக்கு மேல் போகாதீர்கள். இந்த ஒரு பழக்கம்தான் தேவையற்ற ஏர்பேக் விரிப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும். மேலே சொன்ன 15 முதல் 25 என்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். பத்தில் பனங்கட்டையில் முட்டினால் பம்பர் நசுங்கும், மனம் நசுங்கும், பை விரிய வாய்ப்புக் குறைவு.

வரத்துக்கால் வந்தால் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். எதிர்க்கரை எவ்வளவு செங்குத்து என்பதுதான் கேள்வி, ஆழம் அடுத்தது. தாரின் முன்பக்க ஏறுகோணம் ஏறத்தாழ 41 டிகிரி, ஜிம்னியினுடையது 36. கரை அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பம்பரோ சேசிஸோ சக்கரத்துக்கு முன்பே முட்டும். மண்வெட்டி எடுத்து எதிர்க்கரையைக் கொஞ்சம் சரித்துவிடுவது பத்து நிமிட வேலை. பாசனக் கரையாக இருந்தால் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு, முடிந்ததும் திரும்ப அடைத்துவிட்டு வாருங்கள். வேகமாக ஓட்டித் தாவிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். என் தம்பி தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்வதாகும் அது.

செம்புறாங்கல் படிகளில் ஒரு சக்கரமாக ஏற்றுங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் விளிம்பில் இடித்தால்தான் ஓட்டம் சடாரென்று நிற்கும். கொஞ்சம் கோணலாக அணுகினால் ஒன்று ஏறியபின் மற்றது ஏறும், அடியும் பாதியாகப் பிரியும்.

மாட்டிக்கொண்டால் இங்கே டிராக்டர்தான் வரும். டிராக்டர்காரர் அன்போடு ஒரே வெட்டாக வெட்டி இழுப்பார். வண்டி துள்ளிப் போய் எதிர்க்கரையில் முட்டுவது அப்போதுதான். கயிற்றை முதலில் இறுக்கி, அப்புறம் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் இருப்பவர் பெல்ட்டோடு இருக்கட்டும், மற்றவர்கள் இறங்கித் தள்ளி நிற்கட்டும்.

கண்மாய்க் கரை தனி விஷயம். கரையின் மேல் நேராக ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. எதிரே மாட்டுவண்டியோ டிராக்டரோ வந்தால், ஒதுங்குகிறேன் என்று ஒரு பக்கச் சக்கரங்களைச் சரிவில் இறக்குவதில்தான் ஆபத்து. உருளல் சென்சார் உள்ள வண்டிகள் சாய்வின் அளவையும் சாயும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும். மெதுவாகச் சாய்ந்து நிற்பதைவிட, ஈரமண் சரிந்து சட்டென்று சாய்வதுதான் திரை ஏர்பேக்கை இறக்கும். அதற்குமேல் வண்டி உருண்டால் கரையின் அடிவாரம் வரை தடுக்க ஒன்றும் இல்லை. பின்னுக்கு எடுத்து, அகலமான இடத்தில் நின்று வழிவிடுங்கள். கரையில் ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் நேர்கோட்டில்.

தண்ணீரும் செம்மண்ணும்

ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கண்மாய் மறுகால் பாயும்போது தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் ஓடும். ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். தேங்கிய தண்ணீருக்கு மட்டும்தான் அடுத்த பேச்சு. தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. என்ஜினும் காற்றுக்குழாயும் பிழைக்கிற அளவு அது. கதவிடுக்கில் கசிந்து உள்ளே வரும் தண்ணீர் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

ஏர்பேக் வயரிங்கின் பலவீனமான இடம் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மஞ்சள் நிறக் கனெக்டர்களைப் பார்க்கலாம். பெல்ட், பக்கவாட்டு ஏர்பேக் இவற்றின் இணைப்பு அது. சேற்றுத் தண்ணீர் புகுந்து காய்ந்தால் உள்ளே பச்சை படிந்து விளக்கு எரிய ஆரம்பிக்கும். அன்றே எரியாது, பெரும்பாலும் சில வாரம் கழித்து, நீங்கள் சென்னையில் இருக்கும்போது எரியும். தண்ணீர் இருக்கை மட்டம் வரை உள்ளே வந்திருந்தால் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். கன்ட்ரோல் யூனிட் தரையில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன்.

மஞ்சள் வயரையும் கனெக்டரையும் வீட்டில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் ஒரு விரிப்புக்கான மின்சாரம் சிறிது நேரம் சேமிப்பில் இருக்கும். தேர்ந்த மெக்கானிக்குகளே பேட்டரியை எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் தொடுவார்கள். சேசிஸில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். ஊர்ப் பட்டறைகளில் இதை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

செம்மண் தூசி இன்னொரு இடத்தில் வேலை காட்டும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், சுழலும் ஸ்டீயரிங்குக்கும் அசையாத வண்டிக்கும் நடுவே நாடாபோல் சுருண்ட ஒரு வயர் இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஓட்டுநர் ஏர்பேக்குக்கு மின்சாரம் அது வழியாகத்தான் போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம், ஹார்ன் சில நேரம் அடிக்காமல் போவது, கூடவே ஏர்பேக் விளக்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அதுதான். ஹார்ன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

விரிந்துவிட்டால்

வெடிச்சத்தம் பெரிதாக இருக்கும், காது அடைக்கும். வெள்ளையாகப் புகை போல வரும். பை ஒட்டாமல் இருக்கத் தூவிய மாவுத்தூளும் எரிந்த ரசாயனத்தின் மிச்சமும்தான் அதில் பெரும்பகுதி. வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பதறிக் கதவைத் திறந்து பள்ளத்தில் குதிக்கிறவர்கள் உண்டு. முதலில் வண்டி நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை அணைத்து, கண்ணாடி இறங்காவிட்டால் கதவைத் திறந்து காற்று விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை முதலில் வெளியே கொண்டுபோங்கள். முகத்தையும் கண்ணையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. ஸ்டீயரிங்கின் நடுவில் பை வந்த இடம் சூடாக இருக்கும், தொடாதீர்கள்.

நெஞ்சு வலி, கழுத்து வலி, தலைசுற்றல் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கோயில் காட்டில் போன் எடுக்காத இடங்கள் உண்டு. அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவருக்கு எந்தக் கோயில், எந்தக் கண்மாய் வழி என்று சொல்லிவிட்டுப் போங்கள். "தெக்குக் கண்மாய் மடைக்குக் கிழக்கே" என்று சொன்னால் உள்ளூரில் யாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

வண்டி ஓடுகிறதே என்று பையை அறுத்துப் போட்டுவிட்டு ஓட்டிவர நினைக்காதீர்கள். பல வண்டிகளில் எரிபொருள் பம்ப் தானாகவே நின்றிருக்கும். நிற்கவில்லையென்றாலும் பெல்ட் பிரிடென்ஷனர் ஒருமுறை இயங்கியிருக்கும், கன்ட்ரோல் யூனிட்டில் மோதல் பதிவாகியிருக்கும். பை, பெல்ட், யூனிட், சில வண்டிகளில் டேஷ்போர்டு என்று எல்லாம் மாற்ற வேண்டும். செலவு பெரிதுதான். அதற்காகப் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஏர்பேக்கை வாங்கிப் பொருத்தாதீர்கள். அது எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் கலவை வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால்தான் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். நம் ஊர் வெயிலை யோசித்துப் பாருங்கள். பழைய ஜப்பானிய மாடல் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் திரும்பப்பெறல் உண்டா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும்

டயர் காற்றை மீண்டும் நிரப்புங்கள். வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். முன்பக்கம் எங்காவது புதிதாக நசுங்கியிருக்கிறதா, ரேடியேட்டர் முன்னால் உள்ள சென்சாரோ அதன் வயரோ தொங்குகிறதா என்று. உள்ளே கழுவும்போது குழாயை நேராக டேஷ்போர்டிலோ இருக்கைக்கு அடியிலோ பீய்ச்சாதீர்கள். மூன்று கதவுத் தாரின் தரையில் தண்ணீர் வடிய அடைப்பான் இருக்கிறது என்பதால் எல்லா இடத்திலும் தண்ணீர் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஈரத் துணியால் துடைத்து, கதவைத் திறந்து வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது சாவியைத் திருகி, அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா என்று மீண்டும் பாருங்கள். அணையவில்லையென்றால் சென்னை வரை ஓட்டிப்போய்க் காட்டலாம் என்று தள்ளிப்போடாமல், காரைக்குடியிலேயே ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.